தெள்ளுப்பூச்சி மருந்தும் நம் பிள்ளைகளின் பாதுகாப்பும்

(பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டு, பகல் முழுவதும் மலை, பின்னேரம் நிறுவை, அதற்குப் பிறகு அடுப்படி. இத்தனைக்கும் நடுவில் நேரம் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். நாய்க்கும் பூனைக்கும் நாம் போடுகிற தெள்ளுப்பூச்சி மருந்து, உண்ணி மருந்து பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

"இதற்கும் ஒரு கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லயத்துக் காம்பராவில் எவ்வளவு இடம் இருக்கிறது? நாய் இஸ்தோப்பில் படுக்கிறது, மழை வந்தால் கட்டிலுக்கு அடியில் வந்து விடுகிறது. பூனை பிள்ளையோடு ஒரே கம்பளிக்குள் தூங்குகிறது. நாயின் முதுகுக்கும் பிள்ளையின் கைக்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. அந்தக் கைதான் பிறகு வாய்க்குப் போகிறது. நாய் மேல் நாம் எதைத் தடவுகிறோமோ, அதைப் பிள்ளை மேலும் தடவுகிறோம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

தெள்ளுப்பூச்சி மருந்து எதுவானாலும் அது ஒரு நஞ்சு. பூச்சியைக் கொல்லத்தான் அதைச் செய்கிறார்கள். எந்த மிருகத்துக்கு, எத்தனை கிலோ எடைக்கு, எவ்வளவு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது மருந்தாகவும் இருக்கும், நஞ்சாகவும் இருக்கும். கொழுந்து நிறுக்கும் போது தராசு முள்ளை விட்டு நாம் கண்ணை எடுப்பதில்லை. அரைக் கிலோ குறைந்தாலும் கேட்கிறோம். அதே கவனத்தை இந்த மருந்து விஷயத்திலும் காட்டச் சொல்கிறோம்.

தராசின் ஒரு தட்டில் மருந்தால் வரும் ஆபத்து இருக்கிறது. மறு தட்டில் பூச்சியால் வரும் ஆபத்து இருக்கிறது. ஒன்றும் போடாமல் விட்டு விடுவதும் பாதுகாப்பல்ல. தெள்ளு அதிகமாகப் பிடித்தால் நாய்க்குட்டி இரத்தம் குறைந்து செத்தே போகும். உண்ணியால் நாய்க்குக் காய்ச்சல் வரும். மனிதருக்கும் உண்ணி கடித்துக் காய்ச்சல் வருவதுண்டு, நமது மத்திய மலைநாட்டில் அந்த நோய் இருக்கிறது. நாயின் தெள்ளுப்பூச்சி தவறி ஒரு பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டால் நாடாப்புழு வரலாம். மலத்தில் அரிசி மணி போலத் துண்டு துண்டாக வெள்ளையாகத் தெரியும். பாடசாலையில் கொடுக்கும் சாதாரண பூச்சி மாத்திரைக்கு இந்தப் புழு போகாது. அப்படிக் கண்டால் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ டாக்டரிடமோ சொல்ல வேண்டும்.

ஆகவே பூச்சியை ஒழிக்கத்தான் வேண்டும். எப்படி ஒழிப்பது என்பதே நம் கேள்வி.

பூச்சி எங்கே இருக்கிறது?

நாயைச் சொறிய விட்டுவிட்டு, அதன் மேல் இருப்பவைதான் எல்லாப் பூச்சியும் என்று நாம் நினைக்கிறோம். அது சரியல்ல. நாய் மேல் துள்ளிக் கொண்டிருப்பவை நூற்றுக்கு ஐந்து அளவுதான். மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டுக்குள் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு இருபதுக்கு மேல், சில வேளை ஐம்பது வரை முட்டையிடும். முட்டை மயிரில் ஒட்டி நிற்காது. நாய் படுக்கும் சாக்கில், கட்டிலுக்கு அடியில், தரை வெடிப்பில் உதிர்ந்து விழும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து இருட்டுக்குள் ஒளியும். பிறகு கூடு கட்டிக் கொண்டு, ஆளோ மிருகமோ வரும் வரை மாதக் கணக்கில் காத்திருக்கும். கொழும்புக்குப் போய்ப் பல நாள் கழித்து வந்து கதவைத் திறந்தவுடன் காலில் தெள்ளு ஏறுகிறதே, அதன் காரணம் இதுதான். காலடி அதிர்ந்ததும் கூடு திறக்கிறது.

தெள்ளின் புழு ஈரமில்லாமல் பிழைக்காது. நமது மலையில் உள்ள ஈரம் அதற்கு நல்ல வசதி. வெயில்தான் அதற்கு எமன். வெயில் கண்ட நாளில் நாயின் சாக்கு, பிள்ளையின் கம்பளி, பாய் எல்லாவற்றையும் வெளியே போடுங்கள். கிழமைக்கு ஒரு தடவை நாயின் சாக்கைக் கொதிதண்ணியில் சவர்க்காரம் போட்டு ஊற வைத்துத் துவையுங்கள். கட்டிலை இழுத்து, மூலை முடுக்கு, தரை வெடிப்பு எல்லாம் பெருக்குங்கள். பெருக்கிய குப்பையை வாசலில் கொட்டாமல் அடுப்பில் போடுங்கள். இதை இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். கூட்டுக்குள் காத்திருப்பவை வெளியே வர அத்தனை காலம் பிடிக்கும்.

நாய்க்குத் தெள்ளு இருக்கிறதா என்று தெரிய ஒரு வழி சொல்கிறோம. ஈரமான வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் நாயைப் பேன் சீப்பால் வாருங்கள். கறுப்புத் தூள் விழும். அது ஈரத்தில் சிவப்பாகக் கரைந்தால் தெள்ளின் எச்சம், நாய் இழந்த இரத்தம். வாரும் போது பிடிபடும் தெள்ளைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் செத்து விடும். நாயைச் சவர்க்காரம் போட்டு நன்றாகக் குளிப்பாட்டினாலும் அநேகமான தெள்ளு போய்விடும். பால் குடிக்கும் குட்டிகளுக்குச் சீப்பே போதும்.

இதற்கு மருந்துச் செலவு கிடையாது, ஒருவருக்கும் ஆபத்தும் கிடையாது. வேலையில் பெரும்பாதி இதிலேயே முடிந்து விடும்.

எதைப் போடவே கூடாது?

மலையில் அடிக்கிற மருந்தையோ மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தையோ எக்காரணம் கொண்டும் நாய்க்குப் போடாதீர்கள். இதைத்தான் இன்று நாம் முக்கியமாகச் சொல்ல வந்தோம். "கொஞ்சம்தானே, ஒரு மூடி, ஒரு வாளித் தண்ணிக்கு" என்று சொல்கிறார்கள். அந்த மூடியில் இருப்பதன் பலம் நாம் அறிவதில்லை. பயிருக்குச் செய்யும் மருந்தில் பல, ஈரத் தோலின் வழியாகவே உடம்புக்குள் போகும். நாய் தன்னை நக்கும், அப்போது வாய் வழியாகவும் போகும்.

நாம் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இப்படித்தான் நடந்தது. மரக்கறிக்கு அடித்து மிஞ்சியதைத் தண்ணீரில் கலந்து ஒரு வீட்டில் நாய்க்குட்டியைக் குளிப்பாட்டினார்கள். குட்டி குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து, நாலு வயதுப் பெண் பிள்ளை அதைத் தூக்கி மடியில் வைத்துத் தன் சட்டையால் துடைத்திருக்கிறாள். குட்டி வாயில் நுரை தள்ளி, கை கால் இழுத்து, விளக்கு வைக்குமுன் செத்துப் போனது. இருட்டிய பிறகு பிள்ளை வாந்தி எடுத்தாள், எச்சில் ஒழுகியது, மூச்சு வாங்கியது. கொழுந்து லொறியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். பிள்ளை பிழைத்தாள். அந்தத் தாய் யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. "பூச்சி மருந்து தானே ஐயா, பூச்சிக்குத்தானே போட்டோம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

பழைய போத்தல்களையும் கவனியுங்கள். மோனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் என்ற மருந்துகள் 1995 ஆம் ஆண்டிலும், எண்டோசல்பான் 1998 ஆம் ஆண்டிலும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. டைமெத்தோயேட், பென்தியன், பரகுவாட் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாக நிறுத்தப்பட்டன. மனித உயிர் அத்தனை போனதால்தான் நிறுத்தினார்கள். தாத்தா காலத்துப் போத்தல் கூரை இடுக்கில் இருந்தால் அதைத் திறக்க வேண்டாம், தண்ணீரில் ஊற்றவும் வேண்டாம். தோட்டத்து ஸ்டோரில் அறிவித்து ஒப்படையுங்கள். சோடாப் போத்தலிலும் சாராயப் போத்தலிலும் மருந்து வாங்கி வருவதை இன்றோடு நிறுத்துங்கள். லேபல் இல்லாத போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று டாக்டராலும் சொல்ல முடியாது.

மண்ணெண்ணெய், கழிவு ஒயில் தடவுவதும் கூடாது. தோல் வெந்து போகும், நாய் நக்கினால் நெஞ்சுக்குள் போய்ச் சுவாசத்தைக் கெடுக்கும். புகையிலைத் தண்ணீர் நாட்டு மருந்துதானே என்று எண்ண வேண்டாம். அதில் உள்ள நிக்கொட்டின் தோல் வழியாகவும் ஏறும் நஞ்சு. பூச்சி உருண்டையைச் சாக்குக்குள் போட்டு அதன் மேல் பூனையைப் படுக்க வைப்பதும் ஆபத்து. சின்னப் பிள்ளை அதை மிட்டாய் என்று வாயில் போட்டுக் கொள்ளும்.

மருந்துதான் வேண்டுமென்றால்

வீட்டுச் சுத்தம் செய்தும் அடங்காவிட்டால் மிருக வைத்தியரிடம் கேட்டு, மிருகத்துக்கென்றே செய்த மருந்தை வாங்குங்கள். போடுமுன் லேபலை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர் பாடசாலைக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

பெர்மெத்ரின் என்ற மருந்து நாய்க்குச் சரியான அளவில் பொருந்தும். பூனைக்கு அது நஞ்சு. பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி இல்லை. நாய்க்கு விடும் துளியைப் பூனைக்கு விட்டால் சில மணி நேரத்தில் உடம்பு துடிக்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். மருந்து போட்ட நாயோடு உரசிப் படுத்தாலும் ஆபத்து. ஒரே வீட்டில் இரண்டும் இருந்தால் வைத்தியரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள்.

அமிட்ராஸ் என்ற மருந்தை மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போகத் தண்ணீரில் கலந்து ஊற்றுவார்கள். உண்ணிக்கும் சொறிக்கும் அது வேலை செய்யும், தெள்ளுக்கு அநேகமாகச் செய்யாது. தெள்ளுக்கு என்று அதை வாங்கிக் காசையும் கரைத்து ஆபத்தையும் வாங்க வேண்டாம். பூனைக்கும் சின்னக் குட்டிக்கும் அதைப் போடக் கூடாது. அளவு கூடினால் நாய் மயங்கிக் கிடக்கும், உடம்பு சில்லிட்டுப் போகும். கலந்ததை அன்றைக்கே முடிக்க வேண்டும், போத்தலில் எடுத்து வைக்கக் கூடாது. கறவை மாட்டுக்குப் போடும் எந்த மருந்தானாலும், எத்தனை நாள் பாலைக் குடிக்கக் கூடாது என்று லேபலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபிப்ரோனில் என்ற மருந்து நாய்க்கு ஒரு வகையாகவும் பூனைக்கு ஒரு வகையாகவும் வருகிறது. துளியாகப் பிடரியில் விடலாம், தெளிக்கும் வகையும் உண்டு. எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டிக்குத் துளி மருந்து வேண்டாம். முயல் வளர்க்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும், முயலை இந்த மருந்து கொன்று விடும். தெளிக்கும் வகையில் ஸ்பிரிட் கலந்திருக்கிறது, நெருப்புப் பிடிக்கும். குசினியிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் வைத்துத் தெளிக்காதீர்கள். இதே பெயர் பயிர் மருந்துப் போத்தலிலும் இருக்கும். பெயர் ஒன்றானாலும் பலமும் அதில் கலந்த திரவமும் வேறு. அதை வாங்கி நாய்க்கு விடக் கூடாது.

தற்போது வாயால் கொடுக்கும் மாத்திரைகளும் வந்திருக்கின்றன. மயிரில் மருந்து இருக்காது, பிள்ளை தொட்டாலும் பயமில்லை என்பது நம்மைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய நன்மை. விலை கூட. வலிப்பு வருகிற நாய்க்குக் கொடுக்கும் போது அவதானம் வேண்டும் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018 ஆம் ஆண்டு அறிவித்தது. ஆகவே இதுவும் வைத்தியர் சொல்லித்தான்.

விலையை நினைத்து, பெரிய நாய்க்கு உள்ள குப்பி ஒன்றை வாங்கி நாலு குட்டிக்கும் பூனைக்கும் பங்கு போடுகிறார்கள். அரிசியைப் பங்கு போடலாம், இதைப் பங்கு போட முடியாது. எத்தனை கிலோவுக்கு என்று குப்பியில் எழுதியிருக்கிறது. நாயின் எடை தெரிய, அதைத் தூக்கிக் கொண்டு தராசில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கூடுதலில் குறைவைக் கழித்தால் நாயின் எடை.

மருந்து போடும் நாளில் பிள்ளைகளை அக்கம் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். கர்ப்பிணித் தாய்மார் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கையுறை இல்லாவிட்டால் சொப்பிங் பையைக் கையில் மாட்டிக் கட்டுங்கள். நாய் காயும் வரை, முடிந்தால் மறு நாள் வரை, பிள்ளை தொடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். பீலியிலும் ஓடையிலும் வைத்து மருந்து ஊற்றாதீர்கள். இந்த மருந்துகள் மீனையும் தேனீயையும் கொல்லும். கீழ் லயத்து மக்கள் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

தவறிப் போனால்

நாய்க்கோ பூனைக்கோ எச்சில் ஒழுகுதல், நடுக்கம், வலிப்பு, மயக்கம் கண்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துவாயால் துடைத்து, குளிராமல் சுற்றி, மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். கழுவுகிறவர் கையை மூடிக் கொள்ள வேண்டும்.

பிள்ளைக்கோ பெரியவருக்கோ மருந்து பட்டால் உடுப்பைக் கழற்றி, உடம்பைச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர், புளி எதையும் ஊற்றாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அது வரத் தாமதமாகுமென்றால் கிடைத்த வாகனத்தில் புறப்படுங்கள். மருந்துப் போத்தலையும் கூடவே கொண்டு போங்கள். டாக்டர் அதைப் பார்த்து, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடமும் கேட்டு வைத்தியம் செய்ய முடியும். "துரை ஏசுவார், டாக்டர் ஏசுவார்" என்று பயந்து நடந்ததை மறைக்க வேண்டாம். ஏச்சு நாளைக்கு மறந்து போகும்.

லயம் சேர்ந்து செய்ய வேண்டியது

ஒரு லயத்தில் பத்து வீடு இருக்க, ஒரு வீடு மட்டும் சுத்தம் செய்தால் தெள்ளு அடுத்த வீட்டிலிருந்து திரும்பி வரும். ஆகவே ஒரு யோசனை சொல்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை லயம் முழுவதும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எல்லா வீட்டுச் சாக்கும் கம்பளியும் ஒன்றாக வெயில் காண வேண்டும், எல்லா நாயும் ஒன்றாகக் குளிக்க வேண்டும். எந்த லயத்தில் எத்தனை நாய், எத்தனை பூனை, அதில் குட்டி எத்தனை என்று இளைஞர்கள் ஒரு கடதாசியில் எழுதித் தாருங்கள். அந்தக் கணக்கோடு நாங்கள் அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போய், வைத்தியரை ஒரு நாள் தோட்டத்துக்கு வரும்படி கேட்போம். வீடு வீடாகத் தெரியாத மருந்து வாங்குவதை விட, பார்த்துச் சொல்ல ஆள் வருவது நல்லது.

நாய் நம் வீட்டுக்குக் காவல். பூனை எலியைப் பிடிக்கிறது. பிள்ளைகள் அவற்றின் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பராமரிப்பது நல்ல காரியம்தான். வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கட்டிலுக்கு அடியிலும் கூரை இடுக்கிலும் கையை விட்டுப் பார்த்து, லேபல் இல்லாத போத்தல் இருந்தால் இன்றைக்கே பிள்ளைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், நாளைக் காலையில் பெரட்டுக்கு வரும் போது ஸ்டோரில் சொல்லி விடுங்கள்.